அப்பா இன்னும் சிகரெட்டை விடல, நான் என்னதான் பண்றது? – நெஞ்சக நோய் டாக்டர் பதில்கள்

இந்த தடவை வந்த கேள்விகளைப் பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே கதைதான். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நுரையீரல் வியாதி, சிகரெட்டை விட மாட்டேங்குறாங்க, வீட்ல தினம் சண்டை. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். பேரு, ஊரு எதுவும் போடல, எழுதினவங்க யாரும் பயப்பட வேணாம்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயசு. சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்க வைக்குற நாள்பட்ட நுரையீரல் வியாதின்னு சொல்லி 3 வருஷம் ஆச்சு. மூச்சுத் திணறல்ல ரெண்டு தடவை ஆஸ்பத்திரில சேத்தோம், ரெண்டு தடவையும் வீட்டுக்கு வந்த ஒரு வாரத்துல திரும்ப ஆரம்பிச்சுட்டார். பாக்கெட்டைத் தூக்கிப் போட்டேன், அழுதேன், சத்தியம் வாங்கினேன், கொஞ்ச நாள் பேசாம கூட இருந்து பாத்தேன். "சரிம்மா விட்டுடுறேன்"னு சொல்வார், அரை மணி நேரத்துல பாத்ரூம்லேர்ந்து வாசனை வரும். எங்க மேல பாசமே இல்லையோன்னு தோணுது டாக்டர்.

பதில்: பாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா, முதல்ல அந்த நினைப்பை எடுத்துடுங்க. சிகரெட்டை ஒரு இழுப்பு இழுத்தா 10, 20 செகண்டுக்குள்ள புகையிலைல இருக்குற நிக்கோட்டின் மூளைக்குப் போய் ஒரு சுகத்தைக் குடுத்துடுது. ஒரு சிகரெட்டுக்கு பத்து இழுப்புன்னு வெச்சாலும் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிக்கிறவர் மூளைக்கு 200 தடவை அந்தப் பரிசு கிடைக்குது, அதுவும் நாப்பது வருஷமா. ரத்தத்துல இருக்குற நிக்கோட்டின் ரெண்டு மணி நேரத்துல பாதியாயிடும், உடனே எரிச்சல், படபடப்பு, எதுலயும் மனசு நிக்காது, அடுத்தது பிடிச்சா சரியாயிடும். "சரிம்மா"ன்னு அவர் சொல்றப்போ நிஜமாவே விடணும்னுதான் சொல்றார், அரை மணி நேரம் கழிச்சு பாத்ரூமுக்குப் போறதும் அதே மனுஷன்தான். எந்த உதவியும் இல்லாம வெறும் மன உறுதில விடுறவங்கள்ல 6 மாசம், ஒரு வருஷம் தாண்டி நிக்கிறது 100 பேருக்கு 3லேர்ந்து 5 பேர் மட்டும்தான்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. அப்போ உங்க அப்பா தோத்ததுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல, அவர் கையில எதையும் குடுக்காமலே சண்டைக்கு அனுப்பிருக்கோம்.

திட்டுறதால என்ன நடக்குதுன்னு நான் ஓபில தினமும் பாக்குறேன். மக பேசுவாங்க, அப்பா ஃபேனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். இவங்க சொல்ற ஒவ்வொரு காரணமும் அவருக்கு ஏற்கனவே தெரியும், நெஞ்சுக்குள்ள இருக்குற வியாதி அவரோடது. நாம ஒரு பக்கம் தள்ளத் தள்ள அவர் எதிர்ப் பக்கம் காலை ஊன்றி நிப்பார், அது மனுஷ சுபாவம், எனக்கும் அப்படித்தான் உங்களுக்கும் அப்படித்தான். அதோட ஒளிஞ்சு பிடிக்கிறப்போ அவசரமா, ஆழமா இழுப்பார், ஜன்னல் திறக்க மாட்டார், எத்தனை பிடிச்சார்னு டாக்டர்கிட்டயும் பொய் சொல்வார், அந்தப் பொய்யை நம்பி நாங்க மருந்து எழுதுவோம்.

நான் பண்றது ஒண்ணு சொல்றேன், நீங்களும் பண்ணிப் பாருங்க. போன மாசம் இதே மாதிரி ஒரு அப்பாவும் மகளும் வந்தாங்க. அந்தப் பொண்ணை கொஞ்ச நேரம் பேசாம இருக்கச் சொல்லிட்டு அவர்கிட்ட, "சார், சிகரெட்டை விடுறது உங்களுக்கு எவ்ளோ முக்கியம்னு 0லேர்ந்து 10க்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க"ன்னு கேட்டேன். "3"ன்னார். மக மூஞ்சி சிவந்து போச்சு. நான், "ஏன் சார் 3? 0ன்னே சொல்லிருக்கலாமே?"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "மாடி ஏறுறப்போ பாதில நின்னுடுறேன் டாக்டர், யாராவது பாத்தா சங்கடமா இருக்குன்னு ஃபோன் பேசுற மாதிரி நடிப்பேன்"ன்னார். கூட இருந்த பொண்ணுக்கு அது அன்னைக்குத்தான் தெரியும், அப்பா மாடிப்படில நின்னு யார்கிட்டயோ அவ்ளோ நேரம் பேசுறார்னுதான் இத்தனை நாளா நினைச்சிருக்காங்க. கேள்வியோட சூட்சுமம் என்னன்னா "ஏன் 10 இல்ல?"ன்னு கேட்டா அவர் பிடிக்கிறதுக்கான காரணத்தை அடுக்குவார், "ஏன் 0 இல்ல?"ன்னு கேட்டா விடுறதுக்கான காரணத்தை அவர் வாயாலயே சொல்வார். சொன்னதும் நீங்க குதிச்சு, "அதான் நானும் சொல்றேன்!"னு ஆரம்பிச்சுடாதீங்க ப்ளீஸ். "ஓ, அது கஷ்டமாத்தான் இருக்கும்ப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டு விடுங்க. பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி "இதைப் பத்தி கொஞ்சம் பேசலாமாப்பா?"ன்னு அனுமதி கேளுங்க, வேணாம்னா அன்னைக்கு வேணாம்.

அடுத்தது, ரெண்டு விஷயத்தை குறை சொல்லாம விசாரிச்சு வைங்க. காலைல எழுந்து எவ்ளோ நேரத்துல முதல் சிகரெட், ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை. எழுந்த அரை மணி நேரத்துக்குள்ள பிடிச்சா அடிமைத்தனம் அதிகம்னு அர்த்தம், அவருக்கு வெறும் அட்வைஸ் போதவே போதாது, மருந்து வேணும். அதை எழுதி எடுத்துக்கிட்டு அவரையும் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க, மூச்சுக்கு இழுக்குற பம்ப் எழுதி வாங்குற மாதிரி இதுக்கும் மருந்து எழுதிக் குடுங்கன்னு கேளுங்க. ஒருவேளை அவர் மறுபடி ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா, ஆகக்கூடாது, அப்படியும் ஆயிட்டா, அங்கயே அந்த நாலஞ்சு நாள்லயே தோல்ல ஒட்டுற நிக்கோட்டின் பேட்ச் ஆரம்பிக்கச் சொல்லுங்க. நிறைய இடத்துல அந்த நாலு நாளும் சிகரெட் இல்லாம இருந்தாரேன்னு சும்மா அனுப்பிடுறாங்க, வீட்டுக்கு வந்து பழைய நாற்காலில உக்காந்ததும் கை தானா பாக்கெட்டைத் தேடும்.

பாக்கெட்டைத் தூக்கிப் போடுறதை நிறுத்துங்க. அவரே ஒரு தேதி முடிவு பண்ணி, அதுக்கு முந்தின நாள் அவரே எடுத்துக் குடுத்தா அப்போ சந்தோஷமா தூக்கிப் போடலாம், லைட்டரு, ஆஷ்ட்ரேயோட சேத்து.

கேள்வி: "பாதி நுரையீரல் போயிடுச்சு, இனிமே விட்டு என்ன ஆகப் போகுது"ன்னு கேக்குறார் எங்க அப்பா. எனக்கு பதில் சொல்லத் தெரியல.

பதில்: அவர் சொல்றதுல பாதி உண்மை, அதை மறுக்காதீங்க. போன நுரையீரல் திரும்ப வராது, சிஓபிடில அது ஆறிப் பழையபடி ஆகுற விஷயம் இல்ல. கேள்வி மிச்சம் இருக்குறது எவ்ளோ வேகமா போகும்ங்குறது. அமெரிக்கா, கனடாவுல 1986ல ஆரம்பிச்சு 5,887 புகைபிடிக்கிறவங்களை வெச்சு "லங் ஹெல்த் ஸ்டடி"ன்னு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, எல்லாருக்கும் ஆரம்பகட்ட, நடுத்தர சிஓபிடி. ஒரு செகண்ட்ல எவ்ளோ காத்தை ஊதித் தள்ள முடியும்ங்குறதை வருஷா வருஷம் அளந்தாங்க. 11 வருஷம் கழிச்சுப் பாத்தப்போ, தொடர்ந்து பிடிச்ச ஆம்பளைங்களுக்கு வருஷத்துக்கு 66 மில்லி குறைஞ்சுது, ஆரம்பத்துலயே விட்டவங்களுக்கு 30 மில்லி. 30ங்குறது வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா குறையுற அளவுக்குப் பக்கத்துல வருது. இந்த வியாதில குறையுற வேகத்தை இந்த அளவுக்கு மாத்துற மாதிரி ஒரு பம்ப்போ மாத்திரையோ எங்ககிட்ட இல்ல. அதோட சிகரெட் பிடிச்சுக்கிட்டே இருந்தா பம்ப்ல இருக்குற ஸ்டீராய்டு மருந்து சரியா வேலையும் செய்யாது.

வயசைப் பத்தி சொன்னா, பிரிட்டிஷ் டாக்டர்களை 1951லேர்ந்து 50 வருஷம் தொடர்ந்து பாத்த ஆராய்ச்சி இருக்கு, 60 வயசுல விட்டவங்களுக்குக் கூட விடாதவங்களை விட சராசரியா 3 வருஷம் கூடுதல் ஆயுசு கிடைச்சுது. இன்னொரு வாசகர் அப்பாவுக்கு நுரையீரல் கேன்சர்னு எழுதிருக்கார், இனிமே எதுக்கு அவரைக் கஷ்டப்படுத்தணும்னு கேட்டிருக்கார். ரஷ்யாவுல 517 நோயாளிகளைப் பின்தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வு 2021ல வெளிவந்துச்சு, கேன்சர் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் விட்டவங்க விடாதவங்களை விட 21 மாசம் போல அதிகம் வாழ்ந்தாங்க. சிகிச்சை தர்ற டாக்டர்கிட்ட பேசிட்டு முயற்சி பண்ணுங்க, ஆனா கடைசி கட்டத்துல, வலிக்கு மட்டும் மருந்து குடுக்குற நிலைமைல இருக்குறவரா இருந்தா நான் அவர்கிட்ட போராட மாட்டேன், உங்களையும் போராடச் சொல்ல மாட்டேன்.

இந்த நம்பரை எல்லாம் நீங்க போய் ஒப்பிக்க வேணாம். ஊதிப் பாக்குற டெஸ்ட் எடுக்குறப்போ "இவரோட நுரையீரல் வயசு என்ன"ன்னு டாக்டரைக் கேளுங்க. 2008ல இங்கிலாந்துல வந்த ஒரு ஆய்வுல டெஸ்ட் ரிசல்ட்டை வெறும் எண்ணா சொன்னவங்கள்ல ஒரு வருஷம் கழிச்சு 6.4 சதவீதம் பேர் விட்டிருந்தாங்க, "உங்க நுரையீரலுக்கு இத்தனை வயசு"ன்னு சொன்னவங்கள்ல 13.6 சதவீதம். அப்பாக்கள் மக சொன்னா கேக்க மாட்டாங்க, மெஷின் சொன்னா கேப்பாங்க போல.

கேள்வி: பேட்ச், சூயிங்கம் எல்லாம் நிக்கோட்டின்தானே? ஒரு விஷத்தை விட இன்னொரு விஷமா? அம்மா "ஹார்ட்டுக்கு ஆகாது"ன்னு பயப்படுறாங்க. மாத்திரை சாப்பிட்டா மனசு கெட்டுப் போகும்னு வேற எங்கயோ படிச்சேன்.

பதில்: நிக்கோட்டினுக்காக பிடிக்கிறாங்க, சாகுறது புகைல இருக்குற தார்ங்குற பிசுபிசுப்பான கசடாலன்னு மைக்கேல் ரஸ்ஸல்ங்குற பிரிட்டிஷ் மனநல டாக்டர் 1976லயே எழுதி வெச்சுட்டார். நுரையீரலைத் தின்னுறது புகைல இருக்குற தாரும் மத்த நச்சும், ரத்தத்துல ஆக்சிஜன் இடத்தைப் பிடிச்சுக்கிறது கார்பன் மோனாக்சைடு. பேட்ச்ல அதெல்லாம் இல்ல. அதுல வர்ற நிக்கோட்டின் மெதுவா, கொஞ்சமா வரும், சிகரெட் மாதிரி மூளைல போய் டமார்னு அடிக்காது, அதனாலதான் அதை விடுறதும் சுலபம். ஹார்ட் நோய் கட்டுப்பாட்டுல இருக்குறவங்க கூட போடலாம், ஹார்ட் அட்டாக் வந்து ஒண்ணு ரெண்டு வாரம்தான் ஆகுதுன்னா டாக்டரைக் கேட்டுட்டுத்தான்.

பேட்ச் 21, 14, 7 மில்லிகிராம்னு வரும். காலைல குளிச்சுத் துடைச்சு காஞ்ச தோல்ல, மேல் கைலயோ முதுகுலயோ, முடி இல்லாத இடத்துல ஒட்டணும், தினம் இடத்தை மாத்தணும், இல்லன்னா அரிக்கும். ராத்திரி கன்னாபின்னான்னு கனவு வந்தா படுக்குறப்போ கழட்டிடலாம். பேட்ச் அடியில ஒரே சீரா ஓடும், திடீர்னு வர்ற ஆசைக்கு மேல கம்மோ மிட்டாய் மாதிரி லாசெஞ்சோ சேத்துக்கணும், ரெண்டும் சேந்தா தனியா போடுறதை விட நல்லா வேலை செய்யுது. இதுல நிறைய பேர் தப்புப் பண்றது கம்லதான், அதை சாதா சூயிங்கம் மாதிரி மெல்லுறாங்க, நிக்கோட்டின் எல்லாம் எச்சிலோட வயித்துக்குப் போய் விக்கல், நெஞ்செரிச்சல், "இது எனக்கு ஒத்துக்கல"ன்னு தூக்கிப் போட்டுடுறாங்க. மெதுவா சில தடவை மெல்லணும், வாயில மிளகு கடிச்ச மாதிரி சுருக்குன்னு ஒரு காரம் வரும், வந்ததும் மெல்லுறதை நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைக்கணும். சுருக்கு அடங்கினதும் திரும்ப ரெண்டு மெல்லு, இந்தத் தடவை வேற பக்கம் ஒதுக்கு. அரை மணி நேரம் இப்படியே ஓட்டணும். அதுக்கு 15 நிமிஷம் முன்னாடிலேர்ந்து காபி, ஜூஸ், சோடா எதுவும் கூடாது, வாயில புளிப்பு இருந்தா நிக்கோட்டின் உள்ள இறங்காது. பல் செட் போட்டிருக்குறவங்களுக்கு கம் ஒட்டிக்கும், லாசெஞ்ச் வாங்கிக் குடுங்க. முதல் தடவை நீங்களே பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்க, உங்களால பண்ண முடியுற உருப்படியான உதவில இது ஒண்ணு.

மாத்திரைன்னு நீங்க படிச்சது வரெனிக்ளின்னு நினைக்கிறேன், 2006ல வந்துச்சு. மனநிலைப் பிரச்சனை வரும்னு புகார் வந்து அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009ல பெட்டி கட்டி எச்சரிக்கை போட்டது நிஜம். அப்புறம் 8,000 பேருக்கு மேல சேத்து, அதுல பாதிப் பேர் ஏற்கனவே மனநோய் இருந்தவங்க, ஒரு பெரிய சோதனை பண்ணி 2016ல ரிசல்ட் வந்துச்சு, பேட்சையோ மருந்தே இல்லாத வெத்து மாத்திரையையோ விட இதுல அந்த மாதிரி ஆபத்து குறிப்பிடும்படியா அதிகமா இல்லன்னு தெரிஞ்சுது, அந்த வருஷமே எச்சரிக்கையை எடுத்துட்டாங்க. விடுற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி சின்ன டோஸ்ல ஆரம்பிச்சு வழக்கமா 12 வாரம் குடுப்போம். குமட்டல் வரும், சாப்பாட்டுக்கு அப்புறம் நிறைய தண்ணியோட போட்டா குறையும். கிட்னி சரியில்லாதவங்களுக்கு டோஸ் குறைக்கணும். புப்ரோபியான்னு இன்னொண்ணு இருக்கு, வலிப்பு வந்தவங்களுக்குக் கூடவே கூடாது. ரெண்டையும் யாரோ சொன்னாங்கன்னு நீங்களா வாங்கிக் குடுத்துடாதீங்க.

கேள்வி: எங்க அப்பா சொல்றது: "சிகரெட் பிடிச்சாதான் சளி வெளில வருது, பிடிச்சாதான் மோஷன் போகுது." கெஞ்சிக் கூத்தாடி விட வெச்சோம், பத்து நாள்ல இருமல் முன்ன விட ஜாஸ்தியாயிடுச்சு. இப்போ "பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னு திரும்ப பாக்கெட்டோட உக்காந்துட்டார். நாங்க தப்பு பண்ணிட்டோமா?

பதில்: இல்ல, ஆனா இப்படி ஆகும்னு யாராவது முன்கூட்டியே அவருக்குச் சொல்லிருக்கணும். மூச்சுக்குழாய்க்குள்ள பொடிப்பொடி மயிர் மாதிரி இழைகள் இருக்கு, துடைப்பம் மாதிரி சளியை மேல தள்ளிக்கிட்டே இருக்கும், புகை அதைச் செயலிழக்க வெச்சிடுது. விட்டதும் அது திரும்ப வேலை செய்ய ஆரம்பிக்கும், தேங்கிக் கிடந்த சளி மேல வரும், சில வாரம் இருமல் கூடும், அப்புறம் குறையும். காலைல முதல் சிகரெட்டுக்கு சளி வர்றது அந்தப் புகை குழாயை எரிச்சல் பண்றதால வர்ற இருமல், ராத்திரி பூரா சேந்த சளி இருமினா வரத்தானே செய்யும். வேற வழில எடுக்கலாம், வெந்நீர் குடிச்சுட்டு, நேரா உக்காந்து, மூணு நாலு தடவை மெதுவா ஆழமா மூச்சு இழுத்து, கடைசில கண்ணாடில ஆவி ஊதுற மாதிரி வாயைத் திறந்து "ஹா"ன்னு வேகமா ஊதணும். பிசியோதெரபிஸ்ட் ஒரே நாள்ல சொல்லிக் குடுத்துடுவாங்க. சளில ரத்தம் வந்தா, நிறம் பச்சை மஞ்சளா மாறினா, காய்ச்சல் வந்தா அது விட்டதால வர்ற இருமல்னு நினைச்சு உக்காந்திருக்காதீங்க, உடனே காட்டுங்க.

மோஷன் விஷயத்துல அவர் சொல்றது உண்மை. நிக்கோட்டின் குடலைத் தூண்டும், விட்டா சில வாரம் மலச்சிக்கல் வரும். இதை யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா காலைல ஒரு மணி நேரம் டாய்லெட்ல கஷ்டப்படுற மனுஷனுக்கு அதை விட பெரிய பிரச்சனை உலகத்துல இல்ல, அதுக்காகவே திரும்ப ஆரம்பிச்சவங்களை எனக்குத் தெரியும். விடுற தேதிக்கு முன்னாடியே தண்ணி, நார்ச்சத்து, கொஞ்சம் நடை, வேணும்னா டாக்டர்கிட்ட கேட்டு லேசா ஒரு மலமிளக்கி ரெடியா வெச்சுடுங்க. வாய்ப்புண் கூட வரலாம், எடை சில கிலோ கூடலாம், சிஓபிடில எலும்பும் தோலுமா ஆனவங்களுக்கு எடை கூடுறது நல்லதுதான்.

கேள்வி: அம்மா விட்டு 8 நாள் ஆச்சு, சந்தோஷம்தான், ஆனா கை நடுங்குது, நெஞ்சு படபடங்குது, தூக்கமே இல்ல. இளைப்புக்கு ரொம்ப வருஷமா தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுறாங்க. இது விட்டதால வர்ற பிரச்சனைதானே, போகப் போக சரியாயிடுமா?

பதில்: காத்திருக்காதீங்கம்மா, இன்னைக்கே டாக்டருக்கு ஃபோன் போட்டு "புகையை விட்டுட்டாங்க, தியோஃபிலின் ஓடுது"ன்னு இந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லுங்க. புகைல இருக்குற தார், கல்லீரலை முடுக்கி விட்டு இந்த மருந்தை சீக்கிரம் சீக்கிரமா கரைச்சுத் தள்ள வைக்கும், அதனால புகைபிடிக்கிறவங்களுக்கு டோஸ் ஜாஸ்தி வேணும். விட்டதும் கல்லீரல் பழைய வேகத்துக்கு வந்துடும், அதே மாத்திரை இப்போ ரத்தத்துல அளவுக்கு மேல தேங்கும், படபடப்பு, நடுக்கம், வாந்தி, முத்திப் போனா வலிப்பு கூட வரலாம். டோஸைக் குறைக்கணும், ரத்தத்துல அளவு பாக்கணும். பேட்ச் போட்டிருந்தாலும் இது நடக்கும், ஏன்னா காரணம் தாருதான், நிக்கோட்டின் இல்ல. காபில இருக்குற கஃபீனுக்கும் இதே கதைதான், அதே ரெண்டு கப் இப்போ நாலு கப் வேலையைக் காட்டும், பாதியா குறைக்கச் சொல்லுங்க. ஒலன்சபின், க்ளோசபின் மாதிரி சில மனநல மாத்திரைக்கும் இது பொருந்தும்.

கேள்வி: என் அம்மா புகை பிடிப்பாங்க. சொந்தக்காரங்க யாருக்கும் தெரியாது, எங்களுக்கே அவங்க உடம்பு முடியாம போனப்புறம்தான் உறுதியா தெரியும். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு, டாக்டர் "ஸ்மோக் பண்ணுவீங்களா"ன்னு கேட்டப்போ அப்பா முன்னாடி இல்லைன்னு தலையாட்டிட்டாங்க. நான் போட்டுக் குடுக்கணுமா?

பதில்: போட்டுக் குடுக்க வேணாம், தனியா பேச வழி பண்ணுங்க. அடுத்த தடவை ரூமுக்குள்ள அம்மாவும் டாக்டரும் மட்டும் இருக்குற மாதிரி பாத்துக்கோங்க, அப்பாவை மருந்து வாங்க அனுப்பிடுங்க. அதுக்கு முன்னாடி நீங்க அம்மாகிட்ட ஒரு வரி சொன்னா போதும், "எனக்குத் தெரியும்மா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், டாக்டர்கிட்ட மட்டும் நீயே சொல்லிடு, மருந்து தப்பாயிடும்." அவ்ளோதான், எத்தனை வருஷமா, யார் பழக்கி விட்டாங்க, எதுக்குன்னு விசாரணை கமிஷன் வைக்காதீங்க. பொம்பளைங்களுக்கு அவமானம்தான் பாதி வியாதி, அதுக்குப் பயந்து வருஷக்கணக்கா டாக்டர்கிட்டயே வராம இருந்தவங்களைப் பாத்திருக்கேன். சிஓபிடி இருக்குறவங்களுக்கு மனச்சோர்வும் பயமும் கூடவே வர்றது சகஜம், அதையும் கேக்கச் சொல்லுங்க, அதைக் கவனிக்காம சிகரெட்டை மட்டும் பிடுங்கினா நிக்காது. நேர்ல பேசக் கூச்சப்படுறவங்களுக்கு பழக்கத்தை நிறுத்த உதவுற க்விட்லைன் ஃபோன் சர்வீஸ் பல நாடுகள்ல இலவசமா இருக்கு, பேரு சொல்லாமலே பேசலாம்.

கேள்வி: அப்பாவுக்கு வீட்லயே ஆக்சிஜன் மெஷின் வெச்சிருக்கோம், ஒரு நாளைக்கு 15 மணி நேரம் போடணும்னு சொல்லிருக்காங்க. மெஷினை ஆஃப் பண்ணிட்டு பால்கனில போய் ஒண்ணு பிடிச்சுட்டு வந்து திரும்ப போட்டுக்கிறார். விரல்ல மாட்டுற மீட்டர்ல 96, 97 காட்டுது, "பாரு நல்லாத்தான் இருக்கேன்"ங்குறார்.

பதில்: இவ்ளோ நேரம் திட்டாதீங்க, கெஞ்சாதீங்கன்னு சொன்ன நான் இங்க மட்டும் கறாரா பேசப் போறேன். ஆக்சிஜன் போட்டுக்கிறவர் சட்டை, போர்வை, தலைமுடி, மீசை தாடில எல்லாம் அது ஊறி நிக்கும், மெஷினை ஆஃப் பண்ணதும் போயிடாது. அந்த நேரத்துல ஒரு பொறி பட்டா சாதாரணமா புகைஞ்சு அணையுற துணி குப்புன்னு பத்திக்கும், மூக்குல மாட்டுற ட்யூப் உருகி முகத்துல ஒட்டும். மூக்குத் துவாரம், உதடெல்லாம் வெந்து வந்தவங்களைப் பாத்தா அதுக்கப்புறம் யாரும் இதைச் சின்ன விஷயமா பேச மாட்டாங்க. வீட்ல இருக்குற எல்லாரோட உயிரும் இதுல இருக்கு. மெஷின் குடுத்தவங்ககிட்டயும் டாக்டர்கிட்டயும் அவர் பிடிக்கிறார்னு சொல்லியே ஆகணும், அவரும் கூட இருக்குறப்போவே சொல்லுங்க, மறைச்சு வேணாம். ட்யூப்ல மாட்டுறதுக்கு தீ பரவாம வெட்டி விடுற சின்ன வால்வு இருக்கு, கேட்டு வாங்கி மாட்டுங்க, புகை அலாரம் வைங்க, லைட்டர், தீப்பெட்டி அந்த ரூம் பக்கமே வரக் கூடாது, யாரும் அங்க எதையும் பத்த வைக்கக் கூடாது. ஆபத்து தீரலன்னா டாக்டர் ஆக்சிஜனையே நிறுத்த வேண்டி வரும், அதையும் அவர்கிட்ட மிரட்டலா இல்லாம தகவலா சொல்லிடுங்க. எலக்ட்ரானிக் சிகரெட்டும் ஆக்சிஜன் பக்கத்துல கூடாது, அதுலயும் சூடாகுற கம்பி இருக்கு.

அந்த 97 ஏமாத்துற நம்பர். விரல் மீட்டருக்கு ஆக்சிஜன் ஏத்தின ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏத்தின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது, ரெண்டையும் சேத்து எண்ணிக் காட்டும். புகைபிடிச்ச உடனே பாத்தா உண்மையை விட நல்லாவே காட்டும். நெஞ்சக நோய் க்ளினிக்ல மூச்சு ஊதினா கார்பன் மோனாக்சைடு அளவு சொல்ற சின்ன மெஷின் இருக்கு, அதுல ஒரு தடவை ஊதச் சொல்லுங்க. விட்டு ஒண்ணு ரெண்டு நாள்லயே அந்த அளவு புகைபிடிக்காதவங்க அளவுக்கு இறங்கிடும், அதைக் கண்ணால பாக்குறது நிறைய பேருக்கு பெரிய தெம்பு.

கேள்வி: நானே ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு பிடிப்பேன். அப்பாகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?

பதில்: சொல்லாதீங்க தம்பி, கூட சேந்து விடுங்க. "நானும் விடுறேன்ப்பா, ஒரே தேதி வெச்சுக்கலாமா"ன்னு கேளுங்க. வீட்ல இன்னொருத்தர் பிடிச்சா விட்டவர் திரும்ப விழுறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம், உங்க சட்டைல வர்ற வாசனையே போதும். இப்போதைக்கு உங்களால முடியலன்னா குறைஞ்சபட்சம் வீட்டுக்குள்ளயும் கார்லயும் யாருமே பிடிக்கிறதில்லன்னு வெச்சுக்கோங்க, உங்க பாக்கெட்டை அவர் கைக்கு எட்டுற இடத்துல வைக்காதீங்க.

கேள்வி: 20லேர்ந்து 5 ஆக்கிட்டார். இது போதும்னு விட்டுடலாமா? வேப், அதான் எலக்ட்ரானிக் சிகரெட், வாங்கிக் குடுக்கலாமான்னு அண்ணன் கேக்குறான்.

பதில்: பாராட்டுங்க, ஆனா போதாது. எண்ணிக்கை குறைஞ்சா ஒவ்வொண்ணையும் ஆழமா, நுனி வரைக்கும் இழுப்பாங்க, உடம்புக்கு வேண்டிய நிக்கோட்டினை அஞ்சுலயே பிழிஞ்சு எடுத்துடும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிக்கிறவங்களுக்குக் கூட, 20 பிடிக்கிறவங்களுக்கு வர்ற கூடுதல் மாரடைப்பு ஆபத்துல பாதி போல இருக்குன்னு 2018ல பல ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்து எழுதினாங்க. இந்த அஞ்சை பேட்ச் உதவியோட பூஜ்யமாக்குறதுக்கு ஒரு தேதி வைங்க. வேப் சில பேருக்கு சிகரெட்டை நிறுத்த உதவிருக்குங்குறது உண்மைதான், சில நாடுகள்ல தடையும் இருக்கு. ஏற்கனவே நுரையீரல் கெட்டவருக்கு அது முதல் சாய்ஸ் இல்ல, பேட்ச், கம், மாத்திரை மூணையும் ஒழுங்கா முயற்சி பண்ணாமலே அங்க போக வேணாம். நான் அதிகம் பாக்குறது வேப்பும் சிகரெட்டும் ரெண்டையும் பிடிக்கிறவங்களைத்தான்.

கேள்வி: அப்பா விட்டு நாலு மாசம் நல்லா இருந்தார். பெரியப்பா இறந்த அன்னைக்கு யாரோ நீட்டினாங்கன்னு ஒண்ணு பிடிச்சுட்டார். அதுலேர்ந்து தினம் ரெண்டு மூணு. "என்னால முடியாது, என்னை விட்டுடு"ன்னு சொல்றார். எல்லாம் வீணாப் போச்சேன்னு எனக்கும் கோபம் வருது.

பதில்: நாலு மாசம் அவர் நுரையீரலுக்குள்ள புகை போகல, அதை யாரும் திரும்ப எடுத்துக்க முடியாது. ஒண்ணு வழுக்குறது வேற, பழையபடி ஆகுறது வேற, இவர் இன்னும் நடுவுலதான் நிக்கிறார், சீக்கிரம் பிடிச்சா மேல இழுத்துடலாம். உடம்பு கேக்குறது முதல் ரெண்டு மூணு நாள் உச்சத்துல இருக்கும், மூணு நாலு வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும், ஆனா இடமும் ஆளும் துக்கமும் பாத்து வர்ற ஆசை மாசக்கணக்குல எங்கயோ பதுங்கி இருக்கும். நிறைய பேர் பல தடவை விட்டு விட்டுத்தான் கடைசில விடுறாங்க, அதனால "ஏன்ப்பா பிடிச்சீங்க"ன்னு கேக்காம "அந்த நாலு மாசம் எப்படி சமாளிச்சீங்க?"ன்னு கேளுங்க, அவர் பதில்ல இருந்துதான் அடுத்த தடவைக்கு வழி கிடைக்கும். ஆசை வர்ற அலை பொதுவா அஞ்சு நிமிஷத்துல, அதிகபட்சம் பத்து நிமிஷத்துல இறங்கிடும், அந்த நேரத்துக்கு சட்டைப் பையில லாசெஞ்ச் இருந்துச்சா, நீட்டினவர்கிட்ட சொல்றதுக்கு ஒரு வார்த்தை ரெடியா இருந்துச்சான்னு ரெண்டு பேரும் உக்காந்து யோசிங்க. சொந்தக்காரங்க ரெண்டு மூணு பேர்கிட்ட அவருக்கு நீட்டாதீங்கன்னு நீங்களே முன்கூட்டி சொல்லி வெச்சுடுங்க, அதுக்கு மட்டும் அவர் அனுமதி வாங்கிக்கோங்க.

அண்ணன் போன துக்கமும் அவருக்கு இருக்கு, சிகரெட் பேச்சை எடுக்குறதுக்கு முன்னாடி அதைப் பத்தி அவரோட கொஞ்சம் பேசுங்க. நாலு மாசத்துக்கு முன்னாடி எந்த மருந்துல விட்டாரோ அது வீட்ல மிச்சம் இருந்தாலும் பழைய டோஸ்லயே நீங்களா ஆரம்பிக்க வேணாம், அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்கவும் வேணாம், இந்த வாரமே ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்க.